நடுவில் விழுந்த 'வா'

செத்த வீட்டில்கூட என்னை விடமாட்டார்கள். போன மாதம் எங்கள் கோயில் பங்கில் ஒரு மரணம். பெட்டி எடுக்கிற நேரம், நான் செபமாலையும் கையுமாக நிற்கிறேன். பின்னாலிருந்து தோளைச் சுரண்டி ஒரு சொந்தக்காரி குசுகுசுத்தாள்.

"றீற்றா அக்கா, மகள் ஏ.எல். சோதினை எடுத்திட்டாள். ஐபோன் வாங்கிக் குடுக்கிறதோ, அன்ட்ரொய்ட் வாங்கிக் குடுக்கிறதோ?"

"நித்திய இளைப்பாற்றியை இவருக்குத் தந்தருளும் ஆண்டவரே" என்று நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவள் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு, "அப்ப அன்ட்ரொய்ட்தான்" என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

டொக்டரைக் கண்டால் நாக்கை நீட்டுகிற மாதிரி, போனுக்கு மென்பொருள் எழுதியவளைக் கண்டால் எல்லோரும் போனை நீட்டுவார்கள். இளைப்பாறி வீட்டில் இருந்தாலும் நீட்டுவார்கள். நான் என்ன செய்ய? அரைவாசி வாழ்க்கையை அந்தக் கண்ணாடித் துண்டுக்குள்தான் விட்டேன்.

இதை எழுதச் சொன்னவர் ரிஸ்வான். திருகோணமலை உட்துறைமுகத்தைப் பார்த்தபடி, வலையும் கயிறும் விற்கிற கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் சின்ன அலுவலகம் இருக்கிறது. அதை இப்போது நடத்துகிறவர் அவர்தான். அங்கே இப்போது இரண்டு வகைப் போனுக்கும் சேர்த்து ஒரே தரம்தான் எழுதுகிறார்கள். ஒருமுறை எழுதினால் இரண்டிலும் ஓடுகிறது. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு, ஒரு காலத்தில் அந்த மாடியில் அன்ட்ரொய்ட்காரி, ஐபோன்காரன் என்று இரண்டு கட்சி இருந்ததே தெரியாது. "எது நல்லதாம் எண்டு கேக்கிறாங்கள் அக்கா. நீங்கள் எழுதுங்கோ. இல்லாட்டி நான் எழுதுவன், பிறகு கவலைப்படக்கூடாது" என்றார் ரிஸ்வான். அவர் எழுதினால் வரலாறு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆகவே நானே எழுதுகிறேன்.

நான் படித்த கதை நீளமில்லை. தட்டச்சுப் பழகினேன். தட்டச்சுக்காரிக்குத்தானே விசைகள் தெரியும் என்று, துறைமுகத்துக்குப் பக்கத்து அலுவலகமொன்றில் கணினிக்கு முன்னால் இருத்தினார்கள். இருத்தியவர்களுக்கே அதை நிறுத்தத் தெரியாது. கப்பல் சாமான்களின் கணக்குக்கு நிரல் எழுதப் பழகினேன், யுத்தம் வந்து வந்து போனது, மின்சாரமும் வந்து வந்து போனது. போனுக்கு எழுதப் பழகியபோது எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. கண்ணாடியை மூக்கில் இறக்கி வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளை வயதுப் பொடியன்கள் கற்பிக்கும் வீடியோக்களைப் பார்த்துப் படித்தேன். அவ்வளவுதான்.

அந்த மேல்மாடியில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் சற்குணம் சேர். போனுக்குச் செயலி செய்கிற நிறுவனத்தை நடத்திய அவர் கையில் கடைசிவரை இருந்தது பழைய பொத்தான் போன். கேட்டால், "குசினிக்குள்ள நிண்டவன் கடைச் சாப்பாடு சாப்பிடமாட்டான் பிள்ளை" என்பார். குரலை உயர்த்தமாட்டார். கோபம் வந்தால் மேசை லாச்சியிலிருந்து கச்சான் கடலைச் சரையை எடுப்பார். ஒவ்வொரு கச்சானாக உடைத்து, பருப்பை வாயில் போட்டு, கோதுகளை மேசையில் ஒரு வரிசையாக அடுக்குவார். வரிசை நீள நீள நாங்கள் கதிரையில் சுருங்குவோம். எந்தச் செயலியைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவரிடம் ஒரே கேள்விதான் இருந்தது: "பாவிக்கினமோ?" அழகாக இருக்கிறதா, வேகமாக ஓடுகிறதா என்றெல்லாம் கேட்கமாட்டார். சனம் அதைப் பாவிக்கிறதா? பாவித்தால் நல்லது, பாவிக்காவிட்டால் அது எங்கள் குறை. அந்த மனிதரிடம் வேலை செய்தது என் பாக்கியம் என்று இப்போது சொல்லலாம். அப்போது சொல்லியிருக்கமாட்டேன்.

ரிஸ்வான் கிண்ணியாவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வருவார். மெல்லிய ஆள், மெல்லிய பேச்சு. சேட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. வேலையும் அப்படித்தான். ஐபோன் அவருக்கு அமைந்ததா, அவர் ஐபோனுக்கு அமைந்தாரா என்று நான் அடிக்கடி கேட்டு அவரைச் சீண்டுவேன். "நீங்கள் மட்டும் என்ன அக்கா, உங்கட பின்னலும் அன்ட்ரொய்ட் மாதிரித்தானே. எந்தப் பக்கத்தால அவிழும் எண்டு தெரியாது" என்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

இப்போது பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

நான் எழுதிய அன்ட்ரொய்ட், ஊர்ச் சந்தை. எவரும் வரலாம், எந்தச் சாமானையும் விரிக்கலாம். செய்த செயலியைக் காலையில் அனுப்பினால் பெரும்பாலும் சுணங்காமல் சனத்தின் கையில் இருக்கும். அதுவரை சொர்க்கம். அதற்குப் பிறகுதான் தலையிடி. ஒரே அன்ட்ரொய்ட் என்கிற பெயரில் ஊரில் எத்தனை விதமான போன்! ஒன்று அகலம், ஒன்று நீளம், ஒன்றுக்குக் கண்ணாடி உடைந்து செலோடேப் ஒட்டியிருக்கும். அலுமாரியில் பழைய பிஸ்கட் தகரம் ஒன்றில் அத்தனையையும் போட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் தகரத்தைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக எழுப்பி, ஒவ்வொன்றிலும் ஓடவிட்டுப் பார்ப்பேன். ஒன்றில் சரியாக இருந்தது மற்றதில் பல்லை இளிக்கும். இதைவிடப் பெரிய வில்லங்கம் பற்றரி. சில போன்கள் பற்றரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று, பின்னால் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும் செயலியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். அதைத் தடுக்கிற இடத்தை ஒவ்வொரு போனும் ஒவ்வொரு மூலையில் ஒளித்து வைத்திருக்கும். நிலாவெளியில் வீடு வீடாகப் போய் நான் அந்த மூலைகளைத் தேடியிருக்கிறேன். போன இடமெல்லாம் தேத்தண்ணி தந்தார்கள், அதில் குறையில்லை.

ரிஸ்வானின் ஐபோனோ மாமியார் வீடு. எல்லாம் துப்புரவு, எல்லாம் ஒழுங்கு, ஆனால் செருப்பை எங்கே கழற்றுவது என்பதற்கும் சட்டம் உண்டு. சோதித்துப் பார்க்க அலுவலகத்தில் ஒரே ஒரு ஐபோன் இருந்தது. புதியது, பெரிய திரை. ரிஸ்வான் அதைச் சின்னத் துவாய் ஒன்றில் சுற்றி வைப்பார். அது வந்த மட்டைப்பெட்டியை யாரோ படிக்கட்டில் வைத்துவிட, எங்கள் ஊர்த் தெருக்களில் ஆடுமாடு போலத் திரிகிற மான்களில் ஒன்று வந்து பாதியைத் தின்றுவிட்டது. எங்கள் ஊர் மானுக்குக்கூட ஐபோன் ருசி பிடித்துவிட்டது என்று நான் ஒரு கிழமை சொல்லிச் சிரித்தேன். ரிஸ்வான் மிச்சப் பாதியை எடுத்து வைத்துக்கொண்டார்.

மாமியார் வீட்டில் வாசலில் ஒரு பரிசோதகர் இருப்பார். செயலியை அனுப்பினால், கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற முகம் தெரியாத ஒருவர் அதைத் திறந்து பார்த்து, சம்மதித்தால்தான் அது சனத்திடம் போகும். திருப்தியில்லாவிட்டால் மரியாதையாக ஒரு கேள்வி எழுதி அனுப்புவார். அந்தக் கேள்வி வந்த அன்றைக்கு ரிஸ்வானுக்குச் சாப்பாடு இறங்காது.

இனி 'கரை' என்ற செயலியின் கதை.

உப்புவெளியில் ஒருவர் தனியாகப் படகெடுத்துப் போய், எஞ்சின் நின்று இழுபட்டுவிட்டார். வீட்டில் அவர் நிலாவெளியில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்கள். வேறு படகுக்காரர் கண்டு கட்டி இழுத்து வந்ததால் ஆள் தப்பினார். அதற்குப் பிறகு மீனவர் சங்கம் எங்களிடம் வந்தது. கடலுக்கு வெளிக்கிடும்போது போனில் ஒரு பொத்தானை அமத்த வேண்டும். திரும்பி வந்ததும் இன்னொன்றை அமத்த வேண்டும். சொன்ன நேரத்துக்கு இரண்டாவது பொத்தான் அமத்துப்படாவிட்டால் வீட்டுக்கும் சங்கத்துக்கும் செய்தி போகும், கடைசியாகப் படகு நின்ற இடத்தோடு. அதுதான் 'கரை'.

முதல் பொத்தானில் என்ன எழுதுவது? நான் 'புறப்பாடு' என்று போட்டுக்கொண்டு போனேன். சற்குணம் சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதென்ன, ரயிலோ? பிள்ளை, நீர் காலமை வீட்டால வெளிக்கிடேக்க என்ன சொல்லுறனீர்?"

"போட்டு வாறன் எண்டு சொல்லுறனான், சேர்."

"அதைப் போடும்."

போய்விட்டு வருகிறேன் என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். போகிற ஆள் 'போறன்' என்று மொட்டையாகச் சொல்லக்கூடாது. சொன்னால் அம்மாமார் வாயைப் பொத்துவார்கள். திரும்பி உள்ளே வந்து, தண்ணி குடித்து, சரியாகச் சொல்லிவிட்டுத்தான் படலையைத் தாண்டலாம். தெருமுனைக் கடைக்குப் போகவே இந்தச் சட்டம் என்றால், கடலுக்குப் போகிறவனுக்குச் சொல்லவா வேண்டும்? ஆக, இரண்டு போனிலும் 'போட்டு வாறன்' என்றே பொத்தான். திரும்பி வந்தால் 'வந்திட்டன்'.

என் பக்கம் சுணக்கமில்லாமல் வெளியே போனது. ரிஸ்வானுக்குப் பரிசோதகரிடமிருந்து கேள்வி வந்தது: ஆள் இருக்கும் இடத்தை இந்தச் செயலி எந்நேரமும் ஏன் பார்க்க வேண்டும்? வீடியோவில் காட்டவும். பாவம், தரையில் நின்று கடலை எப்படிக் காட்டுவது? சங்கத்துப் படகொன்றில் ஏறிப் போனார். கிண்ணியாவில் பிறந்து, நாலு பக்கமும் தண்ணீரைப் பார்த்து வளர்ந்த மனிதர், வீடியோ முழுக்க வாந்தி எடுத்தார். விளக்கம் சொல்ல வாய் திறக்க முடியாததால், பரிசோதகருக்குப் பேச்சு இல்லாத வீடியோதான் போனது. அனுமதி வந்துவிட்டது. "வாந்தியைக் கண்டுதான் மனமிரங்கியிருப்பார்" என்றேன். ரிஸ்வான் இரண்டு நாள் தன் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலை செய்தார்.

சல்லி, உப்புவெளி போன்ற மீன்பிடிக் கிராமங்களிலும் ஐபோனா என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். ஏன் இல்லை? கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கிற மச்சான்மார் புதுப் போன் வாங்கினால் பழையது ஊருக்குத்தான் வரும். சொக்லேட்டோடும் சம்பூவோடும் பெட்டியில் வந்த சின்னச் சின்னப் பழைய ஐபோன்கள் எங்கள் கரையில் நிறைய உண்டு. சங்கத்தில் கணிசமான படகுக்காரரிடம் அதுதான் இருந்தது. அதனால்தான் ரிஸ்வானுக்கும் வேலை இருந்தது.

சுவரில் பெரிய திரை ஒன்றில் கடல் வரைபடம் வைத்திருந்தோம். கடலில் நிற்கிற படகுகள் புள்ளிகளாகத் தெரியும். அன்ட்ரொய்ட் பச்சை, ஐபோன் நீலம். விடியற்காலையில் பார்த்தால் பச்சைப் புள்ளிகள் பூத்துக் கிடக்கும். நீலம் இல்லை. முதல் கிழமை, பழகவில்லை என்றோம். அடுத்த கிழமையும் இல்லை. ஐபோன் உள்ள வீடுகளுக்குப் போன் செய்து கேட்டால் எல்லோரும் "ஓம் ஓம், நல்லாயிருக்கு" என்றார்கள். செயலியைத் திறக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்தது. பொத்தானை மட்டும் தொடுகிறார்களில்லை.

ரிஸ்வான் தன் நிரலைத் தலைகீழாகப் புரட்டினார். அலுவலகப் போனில் எல்லாம் ஒழுங்காகவே ஓடியது. நான் சும்மா இருந்தேனா? "ஐபோன்காரர் பெரிய ஆக்கள், கைரேகை அழியும் எண்டு அமத்தாமல் விடுகினமோ?" என்றேன். சங்கத் தலைவரும் ஒரு ஆராய்ச்சி சொன்னார்: ஐபோன் வைத்திருக்கிறவனுக்கு வெளிநாட்டுக் காசு வருகிறது, அவன் கடலுக்கே போவதில்லை. எல்லோரும் தலையாட்டினோம். போனை வைத்து மனிதரை அளக்கிற வியாதி அன்றைக்கே இருந்தது.

ஒரு காலை சற்குணம் சேர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நாங்கள் போகும்போதே மேசையில் கோதுகள் வரிசை கட்டியிருந்தன.

"சங்கம் அன்ட்ரொய்ட் மட்டும் போதும் எண்டுது" என்றார். "எனக்கும் வேற ஐபோன் வேலை கையில இல்லை. ரிஸ்வான், இந்த மாதம் முடியுமட்டும் பாப்பம். அதுக்குப் பிறகு... எனக்கும் வழி தெரியேல்ல தம்பி."

"சரி சேர்" என்றார் ரிஸ்வான். வெளியே வந்து கதிரையில் இருந்தார். சோதனைப் போனை எடுத்துத் துடைத்து, துவாயில் சுற்றி, அலுமாரியில் வைத்தார். ஏற்கெனவே சுற்றித்தான் இருந்தது.

அவருடைய வாப்பா பாரிசவாதம் வந்து படுக்கையில் இருந்தார். தூக்கி இருத்துவதும் குளிப்பாட்டுவதும் ரிஸ்வான்தான். கொழும்பில் பெரிய வேலைகள் வந்தும் போகாததற்கு அதுதான் காரணம். இந்த வேலை போனால் கட்டாரில் இருக்கிற மாமா விசா அனுப்பத் தயாராக இருந்தார். "போனா வாப்பாவை ஆர் தூக்குறது எண்டுதான் யோசிக்கிறன் அக்கா" என்றார். நான் ஐபோனைப் பற்றி ஒரு பகிடியும் விடவில்லை. சண்டை பிடிக்க அந்தப் பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் இந்தப் பக்கத்தில் நான் எதற்கு?

மாத முடிவு நெருங்கிய ஒரு நாள், பற்றரிப் பிரச்சினை உள்ள ஒரு அன்ட்ரொய்டைப் பார்க்க நிலாவெளி பஸ்ஸில் ஏறி சல்லிக்குப் போனேன். என் கட்சி வேலையாகத்தான் போனேன். அது முடிந்து, முத்துமாரியம்மன் கோயில் பக்கமாக நடந்து வரும்போது, மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மனிசி கூப்பிட்டாள். பெயர் புஷ்பம். புருஷன் தவராசா சங்கத்து ஆள், கனடா மச்சானின் ஐபோன்காரர். பேர் எனக்குத் தெரியும். வரைபடத்தில் ஒருநாளும் வராத நீலப் புள்ளிகளில் அவரும் ஒருவர்.

"நீங்கள்தானே அந்தப் போன் மிஸ்? இவர் இரா முழுக்கக் கடலில நிண்டு இப்பதான் வந்து படுத்திருக்கிறார். காகம் எச்சம் போடாத இடத்தில வந்து இருங்கோ."

ஐபோன்காரன் கடலுக்குப் போவதில்லை என்ற ஆராய்ச்சி அந்த இடத்திலேயே கவிழ்ந்தது.

"அப்ப ஏன் தங்கச்சி, அந்தப் பொத்தானை அமத்துறேல்ல?"

புஷ்பம் மீனைத் திருப்பிப் போட்டாள்.

"பிழை ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ. நான் கோவிக்கமாட்டன்."

"பிழை எண்டு சொல்ல ஏலாது. படிச்ச ஆக்கள் யோசிச்சுத்தானே எழுதியிருப்பீங்கள்."

"என்ன எழுதியிருக்கு?"

"அதை நான் சொல்லமாட்டன்" என்றாள். கையை உதறிவிட்டு உள்ளே போய்ப் போனைக் கொண்டுவந்து, செயலியைத் திறந்து, என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நீங்களே பாருங்கோ."

சின்னப் போன். சின்னத் திரை. தவராசாவுக்கும் என்னைப் போல வெள்ளெழுத்து, அதனால் மச்சான் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்திருந்தார். பெரிய எழுத்து, சின்னப் பொத்தான். உள்ளே இடம் போதவில்லை. இடம் போதாவிட்டால் நான் எழுதிய அன்ட்ரொய்ட் பொத்தான், மிச்சத்தை அடுத்த வரியில் இறக்கிவிடும். ஐபோனில் அந்த வகைப் பொத்தானுக்கு நாங்கள் தனியாக ஒன்றும் சொல்லாவிட்டால், தலையையும் வாலையும் வைத்துக்கொண்டு நடுவை விழுங்கிவிட்டு மூன்று புள்ளி வைக்கும். நீளமான பெயர்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான்.

நான் வாசித்தேன். "போ... றன்."

"சத்தமாச் சொல்லாதேங்கோ" என்றாள் புஷ்பம், உள்ளே படுத்திருந்தவர் பக்கம் திரும்பிப் பார்த்தபடி. "அதை அமத்திப்போட்டு மனிசன் கடலுக்கு இறங்கவோ? நான் விடேல்ல. ஒருத்தியும் விடேல்ல."

எனக்கு எல்லாம் ஒரே அடியாக விளங்கியது. போன் 'ட்டு'வோடு சேர்த்து அந்த 'வா'வையும் விழுங்கியிருந்தது. ஏன் ஒருவரும் முறையிடவில்லை என்பதும் விளங்கியது. முறையிடுவதென்றால் அந்தச் சொல்லை வாயால் சொல்லிக் காட்ட வேண்டுமே. புருஷன் கடலில் நிற்கும்போது எந்தப் பெண் சங்கத்துக்குப் போன் போட்டு அதைச் சொல்லுவாள்? "ஓம் ஓம், நல்லாயிருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். கரையில் இருந்த மற்ற ஐபோன்களும் இதே சின்னத் திரை, இதே பெரிய எழுத்துத்தான். எங்கள் சோதனைப் போன் பெரிய திரை, ரிஸ்வானின் கண்ணோ இளங்கண். மாடியில் ஒருநாளும் அந்த 'வா' விழவில்லை.

புஷ்பத்திடம் அனுமதி கேட்டு அந்தத் திரையைப் படம் பிடித்து, எப்போதும் போல ஒரு பகிடியோடு ரிஸ்வானுக்கு அனுப்ப நினைத்தேன். பகிடி வரவில்லை. படத்தை மட்டும் அனுப்பினேன். பஸ் உப்புவெளி தாண்டுவதற்குள் பதில் வந்தது: "அக்கா, இத எங்க வீட்டு உம்மா கண்டா எனக்குத் தும்புத்தடியால அடிப்பா."

நான் படியேறிப் போகும்போது அவர் திருத்தியே விட்டிருந்தார். ஒரு வரி. பொத்தானுக்கு இரண்டு வரி எழுத அனுமதி கொடுக்கிற ஒரே ஒரு வரி. அன்ட்ரொய்டாக இருந்தால் தேத்தண்ணி ஆறுமுன் கரைக்குப் போயிருக்கும். ஆனால் இது மாமியார் வீடு. பரிசோதகர் பார்க்க வேண்டும். மாதம் முடிகிறது. என்ன திருத்தினீர்கள் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். ரிஸ்வான் ஆங்கிலத்தில் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். பொத்தானில் எழுத்து வெட்டுப்பட்டது, வெட்டுப்பட்டதால் போகிறவர் திரும்பி வரமாட்டார் என்று பொருள் வந்தது, இப்போது வருவார், என்று எழுதியிருந்தார்.

"இதை அவர் விளங்குவாரோ?" என்றேன்.

"அவருக்கும் ஒரு வீடு இருக்கும்தானே அக்கா" என்றார்.

ஒரு கேள்வியும் கேட்காமல் அனுமதி வந்தது. அந்த முகம் தெரியாத மனிதருக்காக அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மெழுகுதிரி கொளுத்தினேன். இதை ரிஸ்வான் இப்போதுதான் வாசித்து அறிவார்.

பழைய போன்களில் புதியதை ஏற்ற வேண்டும். அதற்கு ரிஸ்வான் தானே சல்லிக்குப் போனார், கூடவே நானும். புஷ்பம் போனை வாங்கிப் பார்த்தாள். இரண்டு வரியாக நின்ற எழுத்தை விரலை வைத்து வாசித்தாள். "போட்டு... வாறன்." பிறகு ரிஸ்வானைப் பார்த்து, "இப்ப சரி தம்பி. இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போட்டு வாங்கோ" என்றாள்.

அடுத்த விடியலில் நாங்கள் எல்லோரும் திரைக்கு முன்னால் நின்றோம். சற்குணம் சேர் கச்சான் சரையோடு நின்றார், ஆனால் உடைக்கவில்லை. சல்லிக்கு வெளியே ஒரு நீலப் புள்ளி வந்தது. பிறகு உப்புவெளிப் பக்கம் ஒன்று. பிறகு எண்ணவில்லை. ரிஸ்வான் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேர் அவர் தோளில் கையை வைத்தார்.

"பாவிக்கினம்" என்றார். கச்சான் சரையை ரிஸ்வானின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். மாத முடிவைப் பற்றிப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. ரிஸ்வானின் வாப்பா அதற்குப் பிறகு சில வருடங்கள் இருந்தார், மகனின் கையாலேயே தண்ணீர் குடித்துப் போய்ச் சேர்ந்தார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு விளையாட்டு. பின்னேரம் ஹெல்மெட்டை எடுத்ததும் ரிஸ்வான் வாசலில் நின்று "போ... றன் அக்கா" என்பார். நான் தலையை நிமிர்த்தாமல், "நடுவில ஒண்டு விழுந்திட்டுது தம்பி, எடுத்துக்கொண்டு போங்கோ" என்பேன். "ஓ, மறந்திட்டன்" என்று திரும்பி வந்து முழுதாகச் சொல்லிவிட்டு இறங்குவார். சற்குணம் சேர் இளைப்பாறிய பிறகும், இரண்டு கட்சியும் ஒன்றாகி ஒரே எழுத்து வந்த பிறகும், அது மட்டும் ஒருநாளும் தவறவில்லை. புதுப் பிள்ளைகள் எங்களைப் பார்த்து, இவர்களுக்கு என்ன நடந்தது என்று யோசித்திருப்பார்கள். இதுதான் பிள்ளைகளே நடந்தது. எது நல்ல போன் என்று கேட்டீர்கள். சந்தையிலும் இருந்தேன், மாமியார் வீட்டையும் பார்த்தேன். இரண்டிலும் நல்லதும் உண்டு, வில்லங்கமும் உண்டு. ஆனால் எழுதிய செயலியை உங்கள் கையில் வைத்துப் பார்க்காதீர்கள், புஷ்பத்தின் கையில் கொடுத்துப் பாருங்கள்.

என் கடைசி நாளில் கேக் வெட்டினார்கள். பரிசாக ஒரு பழைய ஐபோன் தந்தார்கள். எதிர்க்கட்சிக்காரிக்கு இதைவிடத் தண்டனை வேண்டுமா? சுற்றியிருந்த தாளைப் பிரித்தால், பாதியை மான் தின்ற அதே மட்டைப்பெட்டி. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிஸ்கட் தகரத்தை ஒருமுறை திறந்து மூடினேன். கைப்பையை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியாக ரிஸ்வானின் மேசை. அவர் எழுந்து நின்றார்.

"போ..." என்றேன். "...றன்" என்பது மட்டும்தான் வெளியே வந்தது.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. விளையாட்டும் இல்லை. முகத்தைக் காட்டாமல் விறுவிறென்று படியில் இறங்கிவிட்டேன். வலைக்கடை வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. மேலே படிக்கட்டுத் தலைப்பில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

"அக்கா" என்றார் ரிஸ்வான். "நடுவில ஒண்டு விழுந்திட்டுது."

முழங்கால் நோவோடு திரும்பவும் அத்தனை படியும் ஏறினேன். அவருக்கு முன்னால் நின்று, ஒரு எழுத்தும் விடாமல், இரண்டு வரியாகச் சொல்லிவிட்டு வந்தேன்.